தண்ணீருக்கு மட்டும் உப்பு

வியாழக்கிழமை மாலை எங்கள் சமையலறைச் சுவருக்குள் தண்ணீர் ஓடவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் எங்களுக்கு நேர் மேல்வீடு மங்களம் மாமியுடையது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாமியின் டயாலிசிஸ் மெஷினுக்குத் தண்ணீர் பிடிக்கும் சத்தமும், பிறகு கழிவுநீர் இறங்கும் சத்தமும் அந்தச் சுவருக்குள் கேட்கும். அதைக் கேட்டபடிதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அன்று இருட்டிய பிறகும் சத்தம் இல்லை. அம்மா ஈரக் கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். முந்தின நாள் மூச்சுத் திணறலுக்காக மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "வியாழக்கிழமை மெஷினுக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமி போனார். டெலிபோன் அடித்தது. அம்மாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்பாதான் எடுத்தார். "எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

நம்முடைய இந்தக் கையெழுத்துப் பத்திரிகை சுற்றிவரும் வீடுகளில் மாமியை அறியாத வீடு இல்லை. அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது தண்ணீர்தான். விளிம்புவரை நிறைந்த எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து நாம் குடிப்பதைப் பார்ப்பார். "மெதுவா குடிங்க. நீங்க குடிக்கிறதைப் பாத்தாலே எனக்கு அரை டம்ளர் ஏறிடும். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்பார். சிறுநீரகம் இரண்டும் பழுதானபின் அவருக்கு நாள் முழுவதற்கும் மிகச் சிறிதளவு தண்ணீர்தான் அனுமதி. ஆனால் அவருடைய மெஷின் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய தொட்டித் தண்ணீர் கேட்கும். "எனக்காக ஒரு குளமே வேணும். ஆனா நான் கரையிலதான் நிக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அன்று இரவு படுக்கையில் அதை நினைத்து அழுதேன்.

உப்பும் கூடாது. நம் பெண்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளி விருந்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உப்பில்லாத பதார்த்தம் ஒன்று வரும். என் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். மாமி எங்கள் வீட்டில் சாப்பிடும் நாளில் உப்பு ஜாடியை அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். ஊறுகாய் பாட்டில் அப்பாவின் ஷூ பெட்டிக்குள் போய்விடும். "உன் அம்மா என்னைத் திருடின்னு நினைச்சுட்டா" என்பார் மாமி.

ஒலிம்பிக் பந்தயத்துக்காக ஊரெங்கும் தோண்டிக்கொண்டிருந்த கோடையில், ஹாலிஃபாக்ஸில் இருந்த மாமியின் தங்கை கமலாவுக்குப் பிரசவம் நெருங்கியது. அவர்களுக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்கு அக்கா போகாமல் யார் போவது? ஆனால் இரண்டு நாளுக்கு மேல் மாமியால் மெஷினை விட்டுப் பிரிந்திருக்க முடியாது. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ வெளியூர் நோயாளிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமி தன் கணவர் சேது மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, குழந்தைக்கு இடுப்புத்துணி தைக்க ஆரம்பித்தார். போக முடியாத ஊருக்கு ஏன் தைக்கிறார் என்று பார்த்துக்கொண்டேயிருந்த சேது மாமா, ஒரு வாரத்தில் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிவந்து, அதற்குள் இன்னொரு மெஷினைப் பொருத்தத் தொடங்கினார்.

மெட்ரோ சுரங்கத்தில் வேலை பார்த்த எஞ்சினியர் அவர். மெஷின் அவருக்குச் சிரமமாக இல்லை. தண்ணீர்தான் பயமாக இருந்தது. டிரெய்லர்களை நிறுத்தும் மைதானங்களில் குழாய் இருக்கும். ஹோஸ் பைப்பை மாட்டினால் தண்ணீர் வரும். ஆனால் ஒவ்வோர் ஊர்த் தண்ணீரும் ஒவ்வொரு மாதிரி. நாம் குடித்தால் வயிற்றோடு போவது, மெஷின் வழியாக மாமியின் ரத்தத்துக்கே போய்விடும். அதனால் குழாய்க்கும் டிரெய்லருக்கும் நடுவில் மூன்று ஃபில்டர்கள் வைத்தார். மண்ணையும் துருவையும் பிடிக்க நூல் சுற்றியது ஒன்று. குளோரினை எடுக்கக் கரி நிரப்பியது ஒன்று. மூன்றாவது ஒரு சின்ன உருளை; அதற்குள் கடுகு போன்ற பிசின் மணிகள். நாம் உப்புத் தண்ணி என்று சொல்கிற கடினத் தண்ணீரை நல்ல தண்ணியாக மாற்றுவது அதன் வேலை. டோர்வலில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் இதையெல்லாம் மாட்டியபோது, உங்களில் நான்கைந்து மாமாக்கள் சுற்றி நின்று, கரி முதலிலா மணி முதலிலா என்று வாதாடினீர்கள். மாமி டிரெய்லர் ஜன்னலைத் திறந்து, "என்னை எத்தனாவதா மாட்டப் போறீங்கன்னும் முடிவு பண்ணிச் சொல்லிடுங்க" என்றார்.

சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். துணைக்கு அம்மா, பிரெஞ்சு பேச நான். சாயங்காலம் ரிவியேர்-டு-லூ தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு மைதானத்தில் டிரெய்லரை நிறுத்தினோம். மாமிக்கு அன்று டயாலிசிஸ் நாள். கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

மாமா ஹோஸை மாட்டி, ஃபில்டர்கள் வழியாக வந்த தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, பரிசோதனை மருந்தைச் சொட்டு விட்டார். நல்ல தண்ணீர் என்றால் நீலமாகும். குப்பி சிவந்தது. கழுவிவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி சிவப்பு. அது கிணற்றுத் தண்ணீர். அவ்வளவு கடினமான தண்ணீரை மணிகளால் தாங்க முடியவில்லை. ஆனால் மாமா அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். நிறைய உப்பைக் கரைத்து உருளைக்குள் ஊற்றி, ஊறவிட்டு அலசினால் மணிகளுக்குப் பழைய சக்தி திரும்பிவிடும். தொட்டிக்குக் கீழே உப்பு மூட்டை வைத்திருந்தார். குனிந்து கையை விட்டார். அங்கே ஒன்றும் இல்லை.

"இங்க ஒரு மூட்டை இருந்ததே?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "அது... உப்புன்னு எடுத்து வெளியே வச்சுட்டேன்."

"எங்க வச்சீங்க?"

"டோர்வல்ல. அந்த வீட்டு கராஜ்ல. இவ்வளவு உப்பை யாரு மங்களம் அக்கா பக்கத்துல வச்சாங்கன்னு..." அம்மாவும் குனிந்து தொட்டிக்குக் கீழே பார்த்தாள். பிறகு, "உப்புத் தண்ணியை உப்புப் போட்டா சரி பண்ணுவாங்க? எனக்கு எப்படித் தெரியும்!" என்று அழுதுவிட்டாள்.

மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். குப்பியின் சிவப்புத் தண்ணீரை மணலில் கொட்டினார். திரும்பிப் போனால் மறுநாள் விடியும். அதுவரை மாமியின் மூச்சு தாங்குமா? உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "என்னைக் காப்பாத்தணும்னே கொல்லப் பாத்தியேடி!" என்று மாமி சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, அது நிற்க நேரமாயிற்று. பிறகு அவர் சொன்னதை நான் எந்நாளும் மறக்கமாட்டேன். "பயப்படறதுன்னா முறை வச்சு ஒவ்வொருத்தரா பயப்படுங்க. எல்லாரும் ஒண்ணா பயந்தா யாரு தண்ணி பிடிக்கிறது? நித்யா, நீ போய் உப்பு கேளு."

அப்போதும் அம்மா, "விளக்கு வைக்கிற நேரத்துல ஒருத்தர்கிட்ட உப்பு கேக்கக்கூடாதுக்கா" என்றாள்.

"இந்த ஊர்ல ஒன்பது மணி வரைக்கும் சூரியன் போகாது. யாரும் இன்னும் விளக்கு வைக்கல. ஓடு!"

ஓடினேன். ஊர்க் கடைகளை மூடியாகிவிட்டது. அடுத்த நாளோ ஞாயிறு. மைதானத்துச் சின்னப் பெட்டிக்கடை, தெப்பனர் என்பார்கள், அது மட்டும் திறந்திருந்தது. அங்கே மெழுகுவர்த்தியும் கொசு மருந்தும் இருந்தன. உப்போ, உருளைக்கிழங்கு சிப்ஸின் மேல் மட்டும்தான் இருந்தது. டிரெய்லர் டிரெய்லராகப் போய்க் கதவைத் தட்டினேன். ஒருவர் மேஜை உப்புக்குப்பியை நீட்டி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். இரண்டு கிலோ என்றேன். "யானையைச் சமைக்கிறீர்களா?" என்றார். அவருடைய பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது.

மைதானத்தின் கடைசியில் ஒரு வயதான மதாம், வெங்காயத் தாளையும் கீரைகளையும் பொடியாக நறுக்கி, ஒரு மண்ஜாடியில் கல்லுப்போடு அடுக்கிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு முழுச் சாக்கு உப்பு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் புத்தகத்தில் படித்தது. என் மாமிக்கு உடம்பு சரியில்லை, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, அவருடைய தண்ணீருக்கு உப்பு வேண்டும் என்று சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். சாக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

"நோன், நோன், மா பெத்தித்!" கூடாது, கூடாது, குழந்தை என்றார். அவருடைய கணவருக்கும் அதே வியாதி இருந்ததாம். உப்பு விஷம் என்று டாக்டர் சொன்னாராம். தன் கையால் ஒரு நோயாளிக்கு உப்புத் தரமாட்டாராம்.

மாமிக்கு நல்லது நினைத்த எல்லோரும் அன்று உப்பிலிருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபில்டர், பிசின் மணி என்பதற்கெல்லாம் எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்நியரிடம் அப்படி நடப்பது மரியாதை இல்லை என்று தெரிந்தே இழுத்தேன்.

டிரெய்லருக்குள் மாமி தன் புடவைத் தலைப்பை விலக்கி, ஊசி குத்திக் குத்தித் தடித்த கையைக் காட்டினார். மாமா குப்பியில் தண்ணீர் பிடித்துச் சிவப்பைக் காட்டினார். பிறகு உப்பு இதற்குத்தான் என்று உருளையைத் தொட்டு, மாமியைக் காட்டி, இவருக்கு இல்லை என்று கையை ஆட்டினார். மதாம் வீங்கிய கால்களைப் பார்த்தார். இறங்கிப் போனார். அவ்வளவுதான் என்று நினைத்தோம். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

உப்பைத் தானே போடுவேன் என்று மாமி பிடிவாதம் பிடித்தார். "எவ்வளவு நாளாச்சு இதைக் கையில எடுத்து" என்று அள்ளி அள்ளி வாளியில் கரைத்தார். மாமா அதை உருளையில் ஊற்றி ஊறவைத்தார். பிறகு திரும்பத் திரும்ப அலசினார். கரைத்து முடித்த மாமியின் விரல் நுனிகளில் சில உப்புக் கற்கள் ஒட்டியிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பு நிமிர்ந்து, நான் பார்ப்பதைப் பார்த்தார். கையைத் தண்ணீரில் விட்டு அலம்பினார். "நீதான் எல்லாத்தையும் எழுதறவளாச்சே. மங்களம் நாக்குல வைக்கலன்னு இதையும் எழுது" என்றார்.

மதாம் டிரெய்லர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிக் குப்பியை மாமா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நீலம். தன் கண்ணையே நம்பாமல் என்னிடம் கொடுத்தார். "நீலம் மாமா" என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தோம். குழந்தை எங்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. மாமி, ஊசி குத்திய கை நனையாமல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். தங்கை வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. வாசலில் நின்ற டிரெய்லரின் ஃபில்டரிலிருந்து வந்த தண்ணீர்தான். "என் ரத்தத்துக்கு ஆகிற தண்ணி, இவ தலைக்கும் ஆகும்" என்றார். அந்தக் கோடை முடியும்வரை மாமி அங்கே இருந்தார். அதன்பின் அவரால் எந்த ஊருக்கும் போக முடியவில்லை. டிரெய்லர் டோர்வலிலேயே நின்றுவிட்டது.

மாமி போன வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை, எங்கள் சுவருக்குள் தண்ணீர் ஓடியது. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு மாடிக்கு ஓடினோம். கதவு திறந்தே கிடந்தது. சேது மாமா குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வீட்டு மெஷினின் உருளைக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "விட்டுட்டா மணி கெட்டுப் போயிடும்மா" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்து புனலைப் பிடித்துக்கொண்டாள். நீலம் வரும்வரை அலசினோம்.

இப்போது எங்கள் உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில் வெளியிலேயே இருக்கிறது. இனி அதை யாரிடமிருந்தும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மாமியிடமிருந்து என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அன்று அவர் எழுதச் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிட்டேன், மாமி. மங்களம் நாக்கில் வைக்கவில்லை.

ஒரு கல்தானே, மாமி. வைத்திருக்கலாமே.