என் சட்டைப் பையில் அதிர்ந்த போன்

மூன்று வருசத்துக்கு முந்தி, கச்சான் காற்று பிடித்து வீசுகிற ஆவணி மாதம். திருகோணமலையில்தான். காலை பத்தரை இருக்கும்.

நான் இங்கே தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சின்ன நகரம் என்றபடியால் நெருப்புக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுவதில்லை. கிணற்றுக்குள் மாடு விழுந்தாலும் நாங்கள்தான், ஓட்டோ பிரண்டாலும் நாங்கள்தான். முதலுதவியும் படித்திருக்கிறோம். அம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருந்தால், காயப்பட்ட ஆளை எங்கள் வாகனத்திலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

என் சொந்த இடம் மன்னார். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். மகளும் அவரோடு. இடமாற்றத்துக்கு எழுதி எழுதிக் களைத்துவிட்டோம். மாதம் ஒருக்கா பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வருவேன். மற்ற நாட்களில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை. கட்டில், ஒரு கதிரை, யன்னலைத் திறந்தால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல். பின்னேரம் மனைவி போன் எடுத்து, "இண்டைக்கு வேலை எப்பிடி?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை, சும்மா இருந்தனாங்கள்" என்பேன். பாதி நாள் அது பொய். கண்டதையெல்லாம் அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்லி என்ன செய்வது? கூட வேலை செய்கிறவர்களோடும் அதைப் பற்றிக் கதைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வாகனத்தைக் கழுவுவோம், தேத்தண்ணி குடிப்போம், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அறைக்குப் போவேன்.

அன்றைக்கு அழைப்பு வந்தது சல்லியில் இருந்து. கடற்கரையில் மீனவர் தங்குகிற ஓலை வாடி ஒன்றில் நெருப்பு, உள்ளே ஒரு ஆள் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாடி முக்கால்வாசி எரிந்துவிட்டது. சனம் ஆளை வெளியே இழுத்து மணலில் கிடத்தியிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்தில் பெற்றோல் கான். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கையும், நெஞ்சும், கழுத்தும் எரிந்திருந்தன. ஆனால் கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்து, "போட்டுக்கும் நெருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை, போட் தூரத்தில நிக்குது" என்றேன்.

அவருடைய குரல் கரகரத்திருந்தது. முதலுதவி படித்தவனுக்கு அந்தக் குரல் விளங்கும். சூடும் புகையும் தொண்டைக்குள் போயிருக்கின்றன, உள்ளே வீங்கத் தொடங்கிவிட்டது, கொஞ்ச நேரத்தில் இந்த ஆளால் கதைக்க ஏலாமல் போகும் என்று அர்த்தம். அது எனக்கு அப்போதே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்ததெல்லாம் அது தெரிந்துகொண்டு செய்ததுதான்.

அம்புலன்ஸ் மூதூர்ப் பக்கம் போயிருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் குளிரவைத்து, சுத்தமான துணியால் மூடி, எங்கள் வாகனத்தில் ஏற்றினோம். ஏற்றும்போது பக்கத்து வாடிக்காரர் ஓடிவந்து ஒரு போனை என் கையில் தந்தார். "இது அவற்ற போன். மனுசியின்ர நம்பர் கிடக்கு. அவ நிலாவெளியில ஹோட்டல் ஒண்டில வேலை. எடுத்துச் சொல்லுங்கோ."

வாகனம் ஓட்டியது கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்களில் மூத்தவர். பின்னால் நானும் காயப்பட்டவரும் மட்டும். கோயிலடி தாண்டி ரோட்டுக்கு ஏறினதும் சைரனைப் போட்டார்.

போன் என் கையில் இருப்பதைக் காயப்பட்டவர் பார்த்துவிட்டார். "அவளுக்கு இப்ப சொல்லாதேங்கோ தம்பி. வேலையில நிக்கிறாள். பயந்து ஓடி வருவாள். பின்னேரம் சொல்லலாம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி. இந்த வேலையில் நெருப்புக்குள் போவது எனக்குப் பெரிய காரியமில்லை. ஒரு பெண்ணுக்குப் போன் எடுத்து "உங்கட அவருக்கு…" என்று தொடங்குவதுதான் பெரிய காரியம். அவரே வேண்டாம் என்கிறார். போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடாது என்றேன். கை இரண்டும் எரிந்திருந்ததால் பிடிக்க ஏலாது. எங்கேயாவது ஒரு பிடி இருக்கட்டும் என்று காலைப் பிடித்துக்கொண்டேன். மணல் ஒட்டின கால். குளிர்ந்திருந்தது.

உப்புவெளிக்குக் கிட்ட வரும்போது என் பைக்குள் போன் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தேன். அவருடைய மனைவியின் பெயர்தான். யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். சைரன் சத்தத்தில் போன் அதிர்வது காயப்பட்டவருக்குக் கேட்கவில்லை. நான் போனைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு நிமிசம் போயிருக்காது, திரும்ப அதிர்ந்தது. நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

அவர் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்தார். "தம்பி, அவளிட்ட…" என்று தொடங்கினார்.

"கதையாதேங்கோ அண்ணை. கதைச்சாக் களைப்பு வரும். பிறகு நீங்களே சொல்லலாம்" என்றேன்.

அவர் நான் சொன்னதைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டார். பெரியாஸ்பத்திரி வாசல்வரைக்கும் ஒரு சொல் கதைக்கவில்லை.

உள்ளே கொண்டுபோனதும் மயக்கி, தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அரை மணித்தியாலம் பிந்தி அவருடைய மனைவி வந்தார். ஹோட்டல் சீருடையோடு, ஒரு காலில் செருப்பில்லாமல். இரண்டு சின்னப் பிள்ளைகள் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடிக்கிறமாதிரி அந்தச் சீருடையின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். போனைத் தாதியிடம் கொடுத்துவிட்டு நான் அவர் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த மனுசன் செத்துப்போனார். கடைசிவரைக்கும் கண் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நெருப்புப் பிடித்த அன்று பின்னேரம் என் மனைவி வழமைபோலக் கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை ஒரு நாள், மத்தியானம். நிலையத்து வாசலில் நாங்கள் சாப்பிட்டுப் போட்ட வாழையிலையை இரண்டு மான்கள் தின்றுகொண்டு நின்றன. இந்த ஊரில் மான் ரோட்டில் நடக்கும், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். எனக்கு உடனே ஆளைத் தெரிந்துவிட்டது. நானா என்னைக் கைகாட்டிவிட்டு மெல்ல எழும்பிப் போய்விட்டார்.

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார்.

"தம்பி, அண்டைக்கு அவரைக் கொண்டுவந்தது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"நான் ரெண்டு தரம் போன் எடுத்தனான். அடிச்சது. போன் ஆரிட்ட இருந்தது?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "என்னட்டத்தான் அக்கா. சைரன் சத்தத்தில கேக்கேல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பின மாதிரித்தான் இருந்தது. "அவர் ஏதும் சொன்னவரோ?"

அந்த இடத்தில் நான் பொய்யை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க, ஏதாவது கொடுத்து அனுப்பவேண்டும் போல இருந்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவரைக் கெதியாய் அனுப்பிவிடத்தான் அவசரப்பட்டிருக்கிறேன்.

"உங்களைத்தான் நினைச்சவர் அக்கா. பிள்ளையளை வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ எண்டு சொன்னவர்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லைத் தம்பி. ஆஸ்பத்திரியில என்னோட நிண்டது தங்கச்சின்ர பிள்ளையள், அவையளைக் கண்டிருப்பீங்கள்."

வெளியே ஓட்டோக்கள் போகின்றன, உள்ளே எவரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். எழும்பி ஓடலாம் போல இருந்தது. எரிகிற வீட்டுக்குள் நின்றபோதுகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

"அக்கா," என்றேன், "நான் பொய் சொல்லிப்போட்டன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போட்டுக்கு நெருப்புப் பிடித்ததோ என்று முதலில் கேட்டது. தண்ணீர் கேட்டது, நான் கொடுக்காதது. உங்களுக்குச் சொல்லவேண்டாம், பயந்து ஓடி வருவாள் என்று சொன்னது. போன் அடித்தபோது உங்கள் பெயரைப் பார்த்தும் எடுக்காதது. அவருடைய குரல் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் "அவளிட்ட" என்று தொடங்கினது, நான் கதைக்கவேண்டாம் என்று மறித்தது. அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது என்பது.

நான் சொல்லி முடித்த பிறகு அவர், "ரெண்டாந்தரம் எடுக்கேக்க நான் பஸ்ஸுக்குள்ள நிண்டனான். ஆரும் எடுப்பினம் எண்டு காதுக்குள்ளயே வச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். "பயந்திட்டீங்கள், என்ன?"

பதினொரு வருசம் இந்த வேலையில். ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஓம் அக்கா" என்றேன். புருசனைப் பறிகொடுத்தவர் முன்னால் நான் அழுவது சரியில்லை என்று குனிந்துகொண்டேன்.

"கையைப் பிடிச்சனீங்களோ?"

"கை எரிஞ்சிருந்தது. பிடிக்க ஏலாது. காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

"எந்தக் கால்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்தேன். "இடது கால். சின்ன விரல் உள்ளுக்கு மடிஞ்சு கிடந்தது."

அப்போதுதான் அவருடைய முகம் உடைந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "கலியாணம் முடிச்ச வருசம் போட் இழுக்கேக்க முறிஞ்சது" என்று இடையில் சொன்னார். "மருந்து கட்டச் சொன்னனான், கேக்கேல்ல." அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்ததில் உண்மையாய் இருந்தது அந்த ஒரு விரல்தான்.

தேத்தண்ணி வேண்டாம் என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பி, "இனி ஆருக்கும் இப்பிடிச் செய்யாதேங்கோ தம்பி" என்றார். போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதியும் எனக்கில்லை. பிறகு ஒருதரம் நிலாவெளி பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்ததைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை, அல்லது கண்டும் காணாதமாதிரி இருந்திருக்கலாம். பஸ் போகும்வரை ரோட்டோரம் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கதைக்கக்கூடிய நிலையில் இருக்கிற எவரையும் "கதையாதேங்கோ" என்று நான் மறிப்பதில்லை. போன் வந்தால் எடுக்கிறேன், ஆளுடைய காதில் வைக்கிறேன். போன வருசம் துறைமுக வீதியில் சைக்கிளால் விழுந்து இடுப்பு முறிந்த ஒரு அம்மா, கொழும்பில் இருக்கிற மகளோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கதைத்தது முழுவதும் கொடியில் காயப்போட்ட உடுப்பைப் பற்றித்தான். மழை வரப்போகுதாம், பக்கத்து வீட்டுக்குச் சொல்லி எடுப்பிக்கச் சொன்னார். நான் குனிந்துகொண்டு போனைப் பிடித்திருந்தேன், கை உளைந்தது. அந்த அம்மா சுகமாகி இப்போது நடக்கிறார்.

அந்தச் சல்லிக்காரர் சொல்ல வந்த மிச்சத்தைச் சிலநேரம் அறையில் தனியே இருந்து நானே முடித்துப் பார்ப்பேன். ஒன்றும் பொருந்துவதில்லை. என்னத்தையும் சொல்லியிருக்கலாம்; பெரிய விசயமாயும் இருக்கலாம், சாவியை எங்கே வைத்தேன் என்பதாயும் இருக்கலாம். இதை நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கே இதை வாசித்துத்தான் தெரியவரும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஒரு மனுசன் சொல்வதில் எது அவருடைய கடைசிக் கதை என்று பக்கத்தில் இருக்கிறவனுக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை. அதனால் இப்போது நான் எல்லாவற்றையும் முழுவதுமாய்க் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.