ஹெட்போனுக்கு மட்டும் கேட்ட தட்டல்

உங்கள் காதில் பூ சுற்றி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சரியாக மதியம் 2:40க்கு.

வெளியிலிருந்து வரும் சத்தத்தை அடக்கும் ஹெட்போன்களைச் சோதிப்பது என் வேலை. அன்று சேர்ந்து ஒன்பதாவது நாள். எதிர் மேஜையில் இருந்தவர் மூத்த சோதனைக்காரர், எல்லோருக்கும் அக்கா. எங்களுக்குப் பின்னால் சத்தம் புகாத அறை ஒன்று. அதன் கதவு உள்ளிருந்து திறக்காது. உள்ளே இருப்பவர் மூன்று முறை தட்டுவார், வெளியே இருப்பவர் திறப்பார். அதுதான் வழக்கம்.

போன வருடம் அந்த அறைக்குள்தான், இங்கேயே சோதனைக்காரராக இருந்த அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். தட்டக்கூட நேரமிருந்திருக்காது என்றார்களாம். அந்த ஒரு ஆறுதலில்தான் அக்கா நடமாடிக்கொண்டிருந்தார். அறை அதன்பிறகு மூடியே கிடந்தது.

ஹெட்போனை மாட்டினேன். ஏசி இரைச்சல் அடங்கியது. பிறகு...

டொக். டொக். டொக்.

கழற்றினேன். ஒன்றுமில்லை. மாட்டினேன்.

டொக். டொக். டொக்.

வேறொன்றை எடுத்தேன். அதிலும் அதே தட்டல்.

விஷயத்தை முழுசாகச் சொல்லாமல், இது எப்படி வேலை செய்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். ஒன்பது நாள் கழித்துக் கேட்கிறாயே என்று சிரித்தார். வெளிச்சத்தத்தை மைக் கேட்கும், அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பும், இரண்டும் மோதி அழிந்துவிடும் என்றார்.

"ஒரு சத்தம் மைக்குக்குக் கேட்டு, நம்ம காதுக்குக் கேக்கலைன்னா?"

"அப்போ எதிர் அலை மட்டும் மிஞ்சும். அதைத்தான் நீ கேப்ப. ஏன், என்ன கேக்குது?"

"மூணு தட்டு, அக்கா."

சிரிப்பு நின்றது. என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டார். முகம் வெளுத்தது. ஓடிப்போய் அறையைத் திறந்தார்.

இருட்டு. யாருமில்லை.

ஹெட்போனைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

3:05. "மெதுவாயிடுச்சு..."

3:14. "ரெண்டு தட்டுதான்..."

3:20. "நின்னுடுச்சு."

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. மனசு கேட்காமல் பழைய சோதனைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் கணவர் இறந்த தேதியில் ஒரு பதிவு. ஹெட்போன் சோதனை, 2:40 முதல் 3:20 வரை. கீழே அக்காவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு:

"நாற்பது நிமிடமும் வெளிச்சத்தம் துளியும் கேட்கவில்லை. தேர்ச்சி."