இழுப்பு என்றால் எது?

போன வாரம் திருத்தங்கலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. தமிழ் தெரிந்தவன் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. நோயாளி சொல்லும் வார்த்தையை டைப் அடித்தால், நோயின் இங்கிலீஷ் பெயரும் ஒரு நம்பரும் வந்து நிற்கும். அந்த வார்த்தைப் பட்டியலைச் சரிபார்த்துத் தரச் சொன்னார் டாக்டரம்மா. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

ஆபரேட்டர் ஜரினா வாசிக்க வாசிக்க, நான் டிக் போட்டேன். காமாலைக்கு ஒரு நம்பர், மஞ்சக்காமாலைக்கு வேறொரு நம்பர் — இரண்டையும் ஒன்றாக்கினோம். அடுத்து, ‘இழுப்பு — வலிப்பு நோய்’. யோசிக்காமல் டிக் போட்டேன். எங்கள் தெருவில் கை கால் வெட்டி இழுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம்.

ஜரினா நிறுத்தினார். “சார், எங்க வீட்ல மூச்சு இரைக்கிறதத்தான் இழுப்புன்னு சொல்லுவோம். எங்க அத்தாவுக்கு இருக்கு,” என்றார் தன் அப்பாவைச் சொல்லி.

அப்படியானால்... இதுவரை யார் யாருக்கு இப்படி எழுதியிருக்கிறார்கள்?

ஜரினா கம்ப்யூட்டரில் தேடினார். நாலு பேர். மூன்று பேருக்கு உண்மையிலேயே வலிப்பு. நாலாவது, தாயில்பட்டி பேச்சியம்மாள். பட்டாசு கம்பெனியில் வேலை. டாக்டரம்மா கொடுத்திருந்த மாத்திரையெல்லாம் மூச்சு இரைப்புக்கு. கம்பெனிக்குக் கொடுத்த மெடிக்கல் லெட்டரில் மட்டும் கம்ப்யூட்டர் ‘வலிப்பு’ என்று அடித்திருந்தது. வெடிமருந்துக்கு நடுவே வலிப்பு வந்து விழுந்தால்? எந்த ஃபோர்மேன் உள்ளே விடுவார்?

ஆள் அனுப்பினோம். மறுநாளே பேச்சியம்மாள் வந்தார்.

“ரெண்டு மாசமா வீட்லதான் கெடக்கேன் தாயி,” என்றார் ஜரினாவிடம். “வலிப்புக்காரிக்கு வேலை இல்லன்னுட்டாக. மகளக் கட்டிக் குடுத்த வீட்லயும், ஒங்க ஆத்தாளுக்கு வலிப்பாமேன்னு கேட்டிருக்காக. எனக்கு ஒருநாளும் கை கால் வெட்டுனதில்ல.”

வியாதிக்குப் பெயர் எழுதுகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெயரோடு இருப்பது அவர்கள்தானே?

டாக்டரம்மா எழுந்து வந்து பேச்சியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பு என் மேலதாம்மா. வாசிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

புது லெட்டரைக் கையாலேயே எழுதினார். கம்பெனிக்கு அவரே போன் பண்ணினார். வெடிமருந்துத் தூசி மூச்சுக்கு ஆகாது என்பதால், லேபிள் ஒட்டுகிற பக்கம் வேலை கேட்டார். சம்மதித்தார்கள்.

பேச்சியம்மாள் இன்னொரு லெட்டரும் கேட்டார்.

“எதுக்கு?”

“சம்பந்தி வீட்ல காட்டணும்.”

டாக்டரம்மா அதையும் எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

ஜரினா பட்டியலைத் திறந்தார். “இழுப்புக்கு நேரா என்ன போடட்டும்?”

“என்னமும் போட்டுக்கங்க,” என்றார் பேச்சியம்மாள். “எங்கன இழுக்குதுன்னு மொதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.”

பட்டியலில் இழுப்புக்கு நேரே உள்ள கட்டத்தில் இப்போது நம்பர் இல்லை. ‘கேட்கவும்’ என்று மட்டும் இருக்கிறது.