தண்ணித் தெள்ளு டீச்சர்

செல்வநாயகி டீச்சர் தரும் ஆர்டர் சீட்டில் இப்போதெல்லாம் எழுத்தே இருக்காது. முதல் சீட்டு முழுக்க இங்கிலீஷ். நான் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஆகட்டும் டீச்சர்" என்றேன். அவர் மறுநாள் வந்து, "அந்தச் சீட்டு மழையில நனைஞ்சிருக்கும்க்கா, இத வச்சிக்குங்க" என்று வேறொன்றைக் கொடுத்தார். எல்லாம் படம். அளவுக்குக்கூடச் சாணும் விரலும் வரைந்திருந்தார். அந்த வாரம் விருத்தாசலத்தில் மழையே இல்லை.

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கை, மூக்கு, கண் ஒட்டுவது என் வேலை. டீச்சர் இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். நாற்பது வயதிருக்கும். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, டீ வடிகட்டியும் ஒரு சின்னப் பாட்டிலும் இருக்கும். களிமண் வெட்டிய பள்ளம், மாட்டுத் தொட்டி, எதையும் விடமாட்டார். கோயில் குளத்தில் நாங்கள் காலை நனைத்துக் கும்பிடுவோம். டீச்சர் வடிகட்டியை நனைப்பார். பிடித்ததைப் பார்த்து முடித்தபின் எடுத்த தண்ணீரிலேயே கொண்டுபோய் விடுவார். பெண்ணாடத்து வாய்க்காலில் பிடித்தவற்றை பஸ் ஏறிப் போய் விட்டு வந்தார். டிக்கெட் தனக்கு மட்டும்தான் எடுத்தாராம்.

பாட்டிலை வெளிச்சத்தில் காட்டினால் கடுகிலும் சின்னதாக ஏதோ தத்தித் தத்தி ஏறும், இறங்கும். "தண்ணித் தெள்ளுன்னு பேரு. ஆனா நாய் மேல இருக்குற தெள்ளுப்பூச்சிக்கும் இதுக்கும் பேச்சு வார்த்தையே கெடையாது. இறாலு, நண்டு இருக்குது பாருங்க, அவுங்க வூட்டு ஜனம் இது" என்பார்.

உடம்பு கண்ணாடி. வெற்றிலையை மடித்ததுபோல ஒரே ஓடு முதுகை மூடி, வயிற்றுப் பக்கம் திறந்திருக்கும். தலை மட்டும் வெளியே. தலையிலிருந்து கிளை பிரிந்த இரண்டு கொம்புகள், அவைதாம் துடுப்பு. முதுகுப் பக்கம் இதயம் அடிக்கும். ஓட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் குட்டிகள். பெரும்பாலும் ஆண் இல்லாமலேயே பெற்றுக்கொள்ளுமாம். "பத்திரிகை, பந்தல் ஒண்ணும் கெடையாதுக்கா" என்று முகம் மாறாமல் சொல்வார்.

அவரிடம் படிக்கும் வெண்பாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. "மைக்ராஸ்கோப் பாக்க முடியாத பொண்ணு எப்புடி பிராக்டிகல் பண்ணும்? வரலாறுக்கு மாத்திடுங்க" என்றார் துறைத் தலைவர். ஒரே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள் என்று டீச்சர் கேட்டார். தண்ணித் தெள்ளில் நாலு வகையைத் தொட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வரலாறு. சோதனை முடிகிறவரை டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்றார் தலைவர்.

அதற்காகத்தான் எங்களிடம் வந்தார். நாலுக்கும் பீங்கான் பொம்மை, ஒவ்வொன்றும் ஒரு சாண். வால் முள்ளும் பறவை அலகுபோல் மூக்கும் இருந்தால் டாப்னியா. முள்ளும் அலகும் இல்லையென்றால் மொய்னா. பந்தாக உருண்டிருந்தால் கைடோரஸ். தும்பிக்கை இருந்தால் பாஸ்மினா. அதை மட்டும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

படத்தில் பக்கவாட்டில் ஒரு கண் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் ஒரு கண்தானே தெரியும்? முதலில் செய்த டாப்னியாவுக்கு அந்தப் பக்கமும் ஒன்று ஒட்டினேன். மற்ற மூன்றையும் செய்யும்போது டீச்சர் வந்து, "நடுவுல ஒரே கண்ணு போதும்க்கா, இதுங்களுக்கு அவ்ளோதான்" என்றார். டாப்னியா அப்போது சூளையில். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோதனையன்று பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வெண்பா மூன்றைத் தடவிப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் டாப்னியா. அதன் பேரையும் சொன்னாள். ஆனால் தலைக்கு வந்த விரல் நின்றது. அந்தப் பக்கம் போயிற்று. திரும்பி வந்தது. டீச்சர் அந்த இரண்டாவது கண்ணை அப்போதுதான் பார்த்தார் போல. வாயைத் திறக்காமல் புடவைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஊர்ச் சாமி கொளஞ்சியப்பரை மனதுக்குள் கூப்பிட்டேன்.

"என்னம்மா, கண்ணத் தேடுறியா?" என்றார் தலைவர்.

"கெடைச்சிடுச்சு சார். ரெண்டு இருக்குது."

"டாப்னியாவுக்கு ஒரு கண்ணுதான?"

"பொறந்ததுக்கு ஒண்ணு சார். இது இன்னும் பொறக்கல. தாய் முதுகுல இருக்குறப்ப ரெண்டு கண்ணு, அப்புறந்தான் ஒண்ணா சேரும்."

"பொறக்காதது இம்மாம் பெருசாவா?"

"மத்தது மூணு மட்டும் சின்னதாவா சார் இருக்குது?"

தலைவர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது நான் தெரியாம வச்ச கண்ணு. தப்பு என்னோடது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெண்பாவைப் பார்த்தார். "தப்பா செஞ்சதையும் சரியாப் படிக்குதே இது. இங்கியே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதைப் பற்றி டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்தது போன வாரம். புதுச் சீட்டு ஒன்று கொடுத்தார். அதில் ஒரு நண்டு. கம்பெனி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"வெண்பாவுக்கு அடுத்த பாடம் இதான்க்கா. நண்டுக்கு நெசமாவே ரெண்டு கண்ணு. பயப்படாம வைங்க. போயிட்டு வரேன்."