பதினேழாவது பிரிவை ஒப்பித்த அன்று

இன்று காலை மாடிப்படியில் பினாயில் வாடை அடித்ததும் எனக்குப் பழைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எட்டாவது படித்தேன். அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவை, ‘தீண்டாமை ஒழிக்கப்பட்டது, கடைப்பிடித்தால் குற்றம்’ என்று பிசகாமல் ஒப்பித்தேன். டீச்சர் வகுப்பையே கைதட்ட வைத்தார். மணியடித்ததும் என்னை மட்டும் கூப்பிட்டார்.

“கக்கூஸ் நாறுதுடி. பினாயில் ஊத்திக் கழுவிட்டு வா.”

“நான் ஏன் டீச்சர்?”

“உங்கம்மா பண்ற வேலைதானே? உனக்குப் பழக்கமா இருக்கும்.”

கழுவினேன். திரும்பி வந்தபோது, “கிட்ட வராத, வாசல்லயே உக்காரு” என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை. “படிப்பு வாணாம்னா இன்னாடி பண்ணுவே?” என்று அம்மா அழுதாள்.

இப்போது என் மகள் எட்டாவது. பெற்றோர் கூட்டத்தில் நான் மார்க்கைக் கேட்பதில்லை. “இங்க கக்கூஸ் யார் கழுவறாங்க மிஸ்?” என்றுதான் கேட்கிறேன்.