கயிற்றுக்கு வெளியே

பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்த பாவத்துக்கு, வன அலுவலகத்துக்கு வந்த புதிதில் ஊரே அவளிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்டது.

"நான் மரத்துக்கு டாக்டருங்க."

"அப்ப ஊசிய எங்க போடுவீங்க?" என்றார் வனக் காவலர்.

அன்று சிரித்தவள்தான், இருபத்திரண்டு வருஷம் அந்த மலையை விட்டு நகரவில்லை.

வேலையை வாயால் சொல்வது எளிது. இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அடிவாரத்தில் நாற்பது தாய்மரங்கள். சுற்றிலும் கயிறு கட்டி, வருஷம் ஒருமுறை கயிற்றுக்குள் குனிந்து புதுக்கன்றுகளை எண்ணுவாள். எத்தனை கன்று எழுந்ததோ, அதற்குத் தகுந்தபடிதான் காட்டின் மற்ற கிழமரங்களை வெட்டக் கையெழுத்துப் போடுவாள். அதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

வருஷா வருஷம் வெயில் ஏறியது. கன்றுகள் நூறு, முப்பது, நான்கு என்று தேய்ந்து, மூன்று வருஷமாக ஒன்றுகூட இல்லை. இந்த வருஷமும் இல்லையென்றால் நாற்பதையும் வெட்டிவிட்டு வேறு இனம் நடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? படிக்கப் போன ஒரே மகளும் குளிர்தேசத்திலேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். இங்கே அவள் அறை மட்டும் வாரம் தவறாமல் விரிப்பு மாறிக் காத்துக் கிடந்தது.

கணக்கெடுக்கும் நாள் காலையில் மகள் போனில் வந்தாள்.

"எப்ப வர்ற, குட்டி?"

"ஆரம்பிச்சிட்டியா? எனக்கு இங்கதாம்மா மூச்சு விட முடியுது."

"அப்ப இங்க என்ன, மூக்கைப் பிடிச்சிட்டா இருந்த?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள் மகள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் வரை முட்டி தேயத் தேடினாள். சருகுதான். மேலே ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போன காவலர் திரும்பி வந்து, "என்ன டாக்டரம்மா, இந்த இலையையா தேடுறீங்க?" என்று நீட்டினார். தாய்மரத்தின் அதே இலை!

"எங்கண்ணே இது?"

"ஊத்துப் பக்கம் கால் வைக்க இடமில்ல. பறவை பழத்தைத் தின்னுட்டு அங்கதானே போய் எச்சம் போடுது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கயித்துக்குள்ளதானே எண்ணச் சொன்னீங்க?"

மூச்சிரைக்க ஏறினாள். ஊற்றோரக் குளிர்ச்சியில், முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள். எண்ண எண்ண நூற்றறுபதைத் தாண்டியது.

"இங்கயும் கயிறு கட்டவா?"

"வேணாம்ணே. இன்னும் மேல போறதுங்க போகட்டும்."

அங்கேயே உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதினாள்: தாய்மரம் ஒன்றையும் வெட்டக் கூடாது, மேலே ஏறும் விதை அவற்றிலிருந்துதான் வருகிறது.

சாயங்காலம் மகளை அவளே கூப்பிட்டாள். எப்ப வர்ற என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அங்க குளிருக்கு நல்ல போர்வை வச்சிருக்கியாடி?"