ஜெரோம் ஆடிய மூன்று வருடங்கள்

போன வாரம் எங்கள் அயனம்பாக்கம் குடியிருப்பில் குழந்தைகள் விழா. லிஃப்ட்டில் என்னோடு ஏறிய சிறுமியிடமிருந்து வேர்வையும் பேன்கேக் பூச்சும் கலந்த வாசனை வந்தது. மேக்கப் போட்டு வெகுநேரம் காத்திருந்த முகத்துக்கே உரிய வாசனை. இறங்க வேண்டிய மாடியைத் தவறவிட்டு மேலே போய்விட்டேன். எல்லாம் ஜெரோம் ஞாபகம்.

பூந்தமல்லி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் என்னோடு படித்தவன். கோவில்பதாகையிலிருந்து பஸ்ஸில் வருவான். கல்லூரி விழாவில் பையன்கள் புடவை கட்டி ஆடுவது வருடா வருடம் உண்டு. 'லேடி கெட்டப்' என்போம். முதல் வருடம், ஒல்லியாக இருக்கிறானே என்று இவனையும் இழுத்துவிட்டார்கள். கட்டிவிடும் பொறுப்பு எனக்கு. லேடீஸ் ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்ததுதான் என் தகுதி. எனக்கே இன்றுவரை புடவை ஒழுங்காகக் கட்ட வராது, அது வேறு விஷயம். கரூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பச்சைப் புடவையைச் சுற்றி, கைபட்ட இடத்திலெல்லாம் ஊக்கு குத்தினேன்.

அந்த வருடம் எல்லாரும் இடுப்பை ஒடித்துச் சிரிப்புக் காட்டினார்கள். விசில் பறந்தது. இறங்கி வந்த ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை.

"அட்த்த வாட்டி தமாசு பண்ண மாட்டேன் மச்சி. நெஜமாவே ஆடப் போறேன்."

இரண்டாம் வருடம் சொன்னபடியே ஆடினான். விசிலடிக்க வாயில் விரல் வைத்தவர்கள் அப்படியே மறந்து உட்கார்ந்திருந்தார்கள். முடிந்த பிறகு கம்மலைக் கழற்றச் சொன்னால், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடம், அவனிடம் சொல்லாமலே அவன் அம்மா விழாவுக்கு வந்துவிட்டார். சர்ச்சுக்குக் கட்டுகிற நல்ல புடவை. என் பக்கத்தில் உட்காரவைத்தேன். மேடைக்கு வந்த மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னா அழகா ஆடுது! யாரு ஊட்டுப் பொண்ணு கண்ணு அது?"

"ஆன்ட்டி, அது நம்ம ஜெரோமுங்க."

தட்டிக்கொண்டிருந்த கைகள் மடியில் இறங்கின. ஆனால் ஆட்டம் முடியும்வரை அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் நேரே மேக்கப் அறைக்கு வந்தார். ஜெரோம் சுவரோடு ஒட்டி நின்றான். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ குனிந்து, அவிழ்ந்து தொங்கிய கொசுவத்தை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துச் செருகிவிட்டார்.

"அழகா கீறடா" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "இத்தோட வுட்டுடு ராஜா. அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்ன ஊட்ல சேக்க மாட்டாரு. அப்பறம் நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

அவன் தலையாட்டினான். கன்னத்தில் மை கரைந்து இறங்கியது.

கடைசி வருடமும் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். "வாணாம் மச்சி" என்று சொல்லிவிட்டு நாற்காலி தூக்கப் போய்விட்டான்.

இப்போது அவனுக்குப் பெங்களூரில் வேலை. மனைவி, மகள், அடர்த்தியான மீசை. வாசனை கிளப்பிவிட்ட ஏக்கத்தில் அன்று மாலையே அவனைக் கூப்பிட்டேன். மழை, டிராஃபிக், மகளின் பள்ளி என்று பேச்சு ஓடியது. "இப்பவும் ஆடுறியாடா?" என்றேன்.

"நானா? நான் எங்க ஆடியிருக்கேன்?" என்று சத்தமாகச் சிரித்தான். பக்கத்தில் மனைவி இருந்திருக்க வேண்டும். அந்தக் கோவில்பதாகைப் பேச்சுகூட அவனிடம் இல்லை.

கல்லூரியிலும் பையன்கள் பெண் வேடம் கட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். ஜெரோமின் அம்மா போன வருடம் இறந்துபோனார். அவன் வீட்டில், அவன் ஆடியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.